கடலோரக் கல்யாணம்: முன்பணம் கட்டுமுன் அந்த நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள்

வாசகி கேள்வி: நானும் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் வேலை செய்கிறோம். என் வீடு புக்கிட் மெர்தாஜாமில். வரும் ஐப்பசியில் வளர்பிறை திரயோதசி, ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 10.30க்குள் முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். பெங்காலான் வெல்ட் ஓரம் கடலைப் பார்த்த மரத்தளம் உள்ள ஓர் இடம் எங்களுக்குப் பிடித்துவிட்டது. தாலி கட்டுவது, மாலை விருந்து இரண்டையும் அங்கேயே திறந்த வெளியில் வைத்து, சூரியன் கடலில் மறையும் நேரத்தில் மேடையேற ஆசை. 300 பேர் வருவார்கள். அப்பாவோ தாலி கோயிலில்தான் என்று நிற்கிறார். இடத்துக்காரர் இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

அன்புச் சகோதரிக்கு,

இந்த வாரம் கட்ட வேண்டாம். இடம் நல்ல இடம்தான். ஆனால் நீங்கள் அதைப் படத்தில் பார்த்துத் தேர்ந்திருக்கிறீர்கள். கடலோர இடம் என்பது ஒரு நாளில் நான்கு இடம். காலையில் ஒன்று, உச்சிவெயிலில் ஒன்று, நீர் வற்றும்போது ஒன்று, இருட்டியபின் ஒன்று. உங்கள் கல்யாணம் நடக்கப்போகும் மணிநேரத்தில் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் பணம் கைமாற வேண்டும்.

முதலில் சூரியன். பெங்காலான் வெல்ட் பினாங்குத் தீவின் கிழக்குக் கரை. எதிரே தெரிவது பட்டர்வொர்த். அங்கே சூரியன் கடலுக்கு மேலே உதிக்கும். மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், பினாங்கு மலைப் பக்கம். மலையும் நகரத்துக் கட்டடங்களும் மறைப்பதால் வெயில் தளத்தைவிட்டுப் போவதும் சற்று முன்னதாகவே நடந்துவிடும். ஆகவே சூரியன் கடலில் இறங்கும் காட்சி அந்தத் தளத்தில் கிடைக்கவே கிடைக்காது. அப்படி யாராவது படம் காட்டியிருந்தால் அது வேறு இடத்துப் படம். ஆனால் ஏமாந்துபோகத் தேவையில்லை. உங்கள் நாள் வளர்பிறை திரயோதசி. அன்று விளக்கேற்றும் நேரத்தில் நிலா கிழக்கே, நீருக்கு மேலே நன்றாக உயர்ந்து நிற்கும். வானம் திறந்திருந்தால், மேடையைக் கடல்பக்கம் போட்டால், உங்கள் பின்னணியில் நிலாவும் அக்கரை விளக்குகளும் இருக்கும். கிழக்குக் கரைக்கு உரிய அழகு அதுதான். அதை நம்பித் திட்டமிடுங்கள்.

அடுத்தது மாதம். ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. பினாங்கில் அதிக மழை பெய்யும் காலம் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான். தமிழர் முகூர்த்த மாதங்களை இங்குள்ள வானிலையோடு வைத்துப் பார்த்தால் தையும் மாசியின் முன்பாதியும்தான் வறண்டவை. அதிலும் இரண்டு சிக்கல் உண்டு. தைப்பூசத்தை ஒட்டி ரதம் போகும் சாலைகள் அடைபடும், ஹோட்டல் அறைகள் நிரம்பும். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையே ஏதாவது ஒரு நாளில் வரும். அந்த வாரத்தில் கூடாரம், நாற்காலி, ஐஸ் கொடுப்பவர்களில் பாதிப்பேர் கடை மூடியிருப்பார்கள், பாலத்தில் கார்கள் நகராது. அந்த இரண்டையும் தாண்டிய ஒரு ஞாயிறு கிடைத்தால் கடலோரக் கல்யாணத்துக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. வைகாசி, ஆனி நடுத்தரம். ஆவணியில் சில வருடங்களில் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வந்து எதிர்க்கரையே தெரியாமல் போகும். தேதியை மாற்ற உங்கள் இரு வீட்டாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். ஐப்பசியிலும் நடத்தலாம். ஆனால் திறந்த வெளியை முதல் திட்டமாக வைத்து மழையை விதிவிலக்காக நினைக்கக்கூடாது. கூரை முதல் திட்டம். திறந்த தளம், வானம் இடம்கொடுத்தால் கிடைக்கும் கூடுதல் இன்பம்.

இப்போது தாலி. இதில் நான் உங்கள் அப்பா பக்கம். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், காரணங்கள் நடைமுறை சார்ந்தவை.

மணமக்களைக் கிழக்குப் பார்த்து உட்காரவைப்பது வழக்கம். அந்தத் தளத்தில் கிழக்கு என்பது கடல். நீங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தால், உங்களைப் பார்க்கும் 300 பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது மணவறையும் அதற்குப் பின்னால் சாலையும்தான். ஒன்பதரை மணிச் சூரியன் நேராக உங்கள் முகத்தில் அடிக்கும். தாலி கட்டும் படத்தில் இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பீர்கள். வடக்குப் பார்த்து உட்காரலாமா என்று குருக்களிடம் கேட்கலாம்; பலர் சம்மதிப்பார்கள். அப்போது கடல் உங்கள் வலப்பக்கம் வரும், ஓரளவு சரியாகும். ஆனால் வெயில் அப்படியேதான் இருக்கும். கறுத்த நிறத் தளப்பலகை காலை பத்து மணிக்கே வெறுங்காலைச் சுடும். அம்மி மிதிப்பதும் அக்கினியை வலம் வருவதும் வெறுங்காலில்தானே.

அடுத்து ஹோமம். மரத்தளத்தில் நேரடியாகக் குண்டம் வைக்க எந்த இடத்துக்காரரும் அனுமதிக்கக்கூடாது. அனுமதித்தால் அதுவே ஆபத்தான அறிகுறி. தீப்பிடிக்காத சிமெண்டுப் பலகை, அதன்மேல் இரண்டு வரிசை செங்கல், மணல், அப்புறம்தான் செப்புக் குண்டம். பக்கத்தில் ஒரு தீயணைப்பான், ஒரு வாளி மணல். இத்தனையும் செய்தாலும் கடற்காற்று நெய்ச் சுடரைச் சேலைப்பக்கம் சாய்க்கும். உள்ளே மண்டபத்துக்குப் போனால் பிரச்சினை தலைகீழ்: புகை உணர்கருவி அலறும், சில கட்டடங்களில் தண்ணீர்த் தெளிப்பானும் திறந்துகொள்ளும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அந்தப் பகுதியின் கருவியை நிறுத்திவைத்து, தீயைக் கண்காணிக்க ஓர் ஆளையும் நிறுத்த முடியுமா என்று கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். விருந்து மேலாளர் வாயால் "ஓகே" சொன்னது போதாது. கருவியின் சாவி அவரிடம் இருக்காது.

இன்னொன்று, சின்ன விஷயம் போலத் தெரியும். மரத்தளப் பலகைகளுக்கு இடையே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மழையில் பலகை உப்பும்போது இடம் வேண்டும் என்பதற்காக விடுவது. மெட்டி, மோதிரம், தாலிக்கொடியில் கோக்கும் சின்ன உருக்கள், எதுவானாலும் கை தவறினால் அந்த இடைவெளி வழியாக நேரே நீருக்குள். எடுக்க வழியே கிடையாது. தளத்தில் எந்தச் சடங்கு செய்தாலும் மணவறைக்கு அடியில் முழு ஒட்டுப்பலகை விரித்து, விளிம்புகளை டேப் ஒட்டி அடைத்து, அதன்மேல் கம்பளம் போடச் சொல்லுங்கள். மோதிரம் மாற்றுவது மட்டும்தான் என்றாலும் இதைச் செய்யுங்கள்.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், பினாங்கும் சேர்த்து, காலைநேர மழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் இரவில் உருவாகும் சுமத்ராப் புயல்வரிசை, விடியலுக்கு முன்னோ காலையிலோ பலத்த காற்றும் இடியுமாகக் கரையேறும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆனால் அந்த ஒன்றிரண்டு மணி நேரம் உங்கள் முகூர்த்தமாக இருந்தால்? விருந்தை அரை மணி தள்ளலாம். முகூர்த்தத்தைத் தள்ள முடியாது.

ஆகவே என் யோசனை: தாலி கோயிலில். லிட்டில் இந்தியாவில் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது; அங்கிருந்து பெங்காலான் வெல்ட் நடந்து போகும் தூரம்தான். மாலை, உதிரிப்பூ, வாழையிலை, தேங்காய் எல்லாம் அந்தத் தெருக்களிலேயே கிடைக்கும். அங்கேயோ உங்கள் ஊர்க் கோயிலிலோ 80 முதல் 100 பேரோடு முகூர்த்தம். மற்றவர்களுக்கு மாலை அழைப்பு மட்டும். ஒரே நாளில் கோயிலில் எத்தனை கல்யாணம் பதிவாகியிருக்கிறது, உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குவார்கள், படம் எடுப்பவர் எதுவரை வரலாம், மேளம் அவர்களுடையதா நீங்கள் கொண்டுவருவதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குருக்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: எந்தப் பஞ்சாங்கத்தை வைத்து நேரம் குறித்தார்? ராகுகாலம் என்பது சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து வருவது. தமிழ்நாட்டு நாட்காட்டியில் காலை ஆறு மணி உதயத்தை வைத்து அச்சிட்ட கணக்கு அது. ஐப்பசியில் பினாங்கில் சூரியன் உதிப்பதே ஏழு மணியைத் தாண்டித்தான். மறைவது ஏழு மணியளவில். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் எட்டாம் பகுதி. தமிழ்நாட்டு அச்சில் மாலை 4.30 முதல் 6 வரை. நம் ஊர் உதயத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 5.30 முதல் 7 வரை. நீங்கள் சூரியன் மறையும் வேளையில் மேடையேற ஆசைப்பட்டீர்களே, அந்த நேரம் முழுக்க ராகுகாலத்துக்குள் விழுகிறது. உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் முன்வரிசையில் உட்காரும் பாட்டிகளுக்கு இருக்கும். யார் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள் என்பதைப் பத்திரிகை அச்சடிக்குமுன் பேசி முடித்துவிடுங்கள்.

அந்த மாலைக்கு ஒரு நல்ல ஒழுங்கு தானாகவே அமைகிறது. 5.30லிருந்து விருந்தினர் உள்ளே வந்து தேநீர், பலகாரம். ஏழு மணியளவில் சூரியன் மறைந்ததும் மஃரிப் பாங்கு கேட்கும். ஜார்ஜ்டவுனில் எங்கே நின்றாலும் ஒரு பள்ளிவாசல் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மலாய்க்கார நண்பர்கள் தொழ வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு ஓர் அறையை ஒதுக்கிவையுங்கள். அதுவரை ஒலிபெருக்கி வேண்டாம். 7.20க்கு நாதஸ்வரமும் தவிலும் முன்செல்ல நீங்கள் இருவரும் தளத்துக்கு வாருங்கள். ராகுகாலம் முடிந்திருக்கும், பாங்கு முடிந்திருக்கும், கடற்காற்று தணிந்திருக்கும், விளக்குகள் நீரில் தெரியும். எட்டு மணிக்குச் சாப்பாடு.

தளத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பதை இப்போதே குறுக்கிவிடுங்கள். 300 பேருக்கு வட்டமேசை போட்டு உட்காரவைக்க, ஆளுக்கு 13 சதுர அடி என்று வைத்தால் கிட்டத்தட்ட 4,000 சதுர அடி. மேடைக்கு 400, உணவு வரிசைக்கு 600. ஆக 5,000 சதுர அடி கூரைக்குக் கீழே வேண்டும். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். "300 பேர் கொள்ளும்" என்று இடத்துக்காரர் சொல்வது, பெரும்பாலும் தளம், உள்மண்டபம், வராந்தா எல்லாவற்றையும் சேர்த்து, நின்றபடி. மழை வந்தால் அதில் பாதி போய்விடும். எனவே சாப்பாட்டு மேசைகள் 30ஐயும் காலையிலேயே உள்ளே போட்டு முடிக்கட்டும். தளத்தில் மேடை, 100 நாற்காலி, மற்றவர்கள் நின்று பார்க்க உயரமான சிறு மேசைகள் சில. நீரோரம் இருக்கப்போவது மொத்தம் ஒன்றரை மணி நேரம். மழை வந்தால் நகர்த்த வேண்டியது 100 நாற்காலியும் ஒலிப்பெட்டியும் மட்டுமே. ஆறு பேர் அரை மணியில் முடிப்பார்கள். மேசை, விரிப்பு, தட்டு, பூச்சாடி எல்லாம் வெளியே போட்டுவிட்டால் அதே ஆறு பேருக்கு ஒன்றரை மணியும் போதாது, பாதி நனைந்தும்விடும்.

ஒப்பந்தத்தில் நான் பார்க்கும் முதல் வரி இதுதான்: உள்மண்டபம் உங்கள் பெயரில், அதே நாள், அதே மணிநேரத்துக்குப் பதிவாகியிருக்கிறதா? "மழை வந்தால் உள்ளே மாற்றித் தருவோம்" என்றால் போதாது. "காலியாக இருந்தால்" என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கும். ஞாயிறு மாலை அந்த மண்டபத்தை வேறொரு பிறந்தநாள் விருந்துக்கு விற்றிருப்பார்கள். அடுத்த வரி: மாற்றும் முடிவை யார் எடுப்பது, எத்தனை மணிக்கு? உங்கள் பக்கம் ஒருவர், அவர்கள் பக்கம் ஒருவர், இருவர் பெயரும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் பக்கத்து ஆள் அப்பாவாகவோ மாப்பிள்ளையாகவோ இருக்கக்கூடாது; அன்று அவர்களால் வானத்தைப் பார்க்க முடியாது. சித்தப்பாவோ, நிதானமான ஒரு தோழியோ போதும். வானிலைத் துறையான மெட் மலேசியாவின் மைசுவாச்சா செயலியில் இடிமழை எச்சரிக்கை வரும். பிற்பகல் இரண்டு மணிக்கு முதல் பார்வை, ஐந்து மணிக்கு முடிவு. அதற்குப்பின் இடி காதில் கேட்டால் விவாதமே வேண்டாம், உடனே எல்லாரும் உள்ளே. கடைசி இடி கேட்டு அரை மணி கழியும்வரை வெளியே வரக்கூடாது. தண்ணீர் ஓரத்தில் இரும்புக் கூடாரத்துக்குக் கீழே நிற்பது மின்னலிலிருந்து பாதுகாப்பாகாது.

காற்றைப் பற்றி அலங்காரக்காரரிடம் பேச வேண்டும். அவர் காட்டிய படங்களில் 20 அடி அகலம், 10 அடி உயரத்துக்கு மூடிய பின்திரை இருந்திருக்கும். மண்டபத்துக்குள் அது வெறும் அலங்காரம். கடலோரத்தில் அது பாய்மரம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அந்தப் பரப்பின்மேல் நூறு கிலோவுக்கு மேல் தள்ளுவிசை விழும். காற்று 54 கிலோமீட்டரானால் விசை ஒன்றரை மடங்காகாது, இரண்டேகால் மடங்காகும், அதாவது 260 கிலோ அளவு. இடிமழைக்கு முன்வரும் காற்று அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். தளத்தில் ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். எனவே மூடிய திரை வேண்டாம். காற்று ஊடே போகும் கம்பிச் சட்டம், அதில் கொத்துக் கொத்தாகப் பூ, உயரம் 8 அடிக்குள், பின்னால் சாய்வுத் தாங்கல், ஒவ்வொரு காலுக்கும் எடைக்கல். எத்தனை கிலோ எடை கொண்டுவருவார் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "பார்த்துக்கொள்வோம்" என்பவரை விட்டுவிடுங்கள். அவர் ஜோடிப்பது பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு, கடற்காற்று வலுவாக இருக்கும் நேரம். ஏணியில் நிற்கும் ஆட்களின் உயிருக்கும் இந்தக் கேள்வி அவசியம்.

சின்னச் சின்னவற்றையும் காற்று கலைக்கும். பொடிக்கோலம் நிற்காது, அரிசிமாவைக் கரைத்து முதல்நாள் மாலையே போட்டுக் காயவிடுங்கள், அல்லது பலகையில் ஒட்டிய கோலம் வையுங்கள். குத்துவிளக்குக்குக் கண்ணாடிக் கூண்டு. உணவுத் தட்டத்துக்குக் கீழே எரியும் சூட்டு விளக்குகள் அணைந்துபோய், அணைந்ததே யாருக்கும் தெரியாமல் கறி ஆறிக் கிடக்கும். அதனாலும் உணவு வரிசை உள்ளேதான். வாழையிலை போடும் எண்ணம் இருந்தால் காலை முகூர்த்தத்துக்குப் பிறகு ஏதாவது மண்டபத்தில் போடுங்கள். தளத்தில் இலை புரண்டு சாம்பார் மடியில் விழும். பத்துப்பேர் வட்டமேசையில் இலை போட்டால் ஏழு எட்டுப் பேருக்குமேல் அடங்காது, நீளமேசைதான் சரி.

நீர் வற்றுவதைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தக் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். வற்றும்போது சில இடங்களில் சேறு தெரியும், வாடையும் வரும், மிதந்துவந்த பிளாஸ்டிக் எல்லாம் கண்ணில் படும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது. அட்டமிக்குப் பிறகு, தசமி வாக்கில், சிறிது. உங்கள் திரயோதசி பெரிய வற்றத்தை நோக்கிப் போகும் நாள். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. கடல் திதிப்படி நடக்கிறது. ஒரே திதியில், ஒரே இடத்தில், ஏற்ற வற்ற நேரங்கள் மாதாமாதம் ஏறக்குறைய ஒத்துவரும். எனவே வரும் மாதத்து வளர்பிறைத் திரயோதசியன்று மாலை ஆறே முக்காலிலிருந்து எட்டரை வரை அந்தத் தளத்தில் போய் நில்லுங்கள். கல்யாணத்தன்று கடல் எங்கே இருக்கும், நிலா எங்கே இருக்கும் என்று கிட்டத்தட்ட அப்படியே பார்த்துவிடலாம். ஆயர் சூரூட் (நீர் வற்றம்) எத்தனை மணிக்கு என்று அங்குள்ள காவலாளியைக் கேளுங்கள். மேலாளரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தேசிய நீர்வரைவியல் மையம் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையில் உங்கள் தேதியையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிற்கும்போது இன்னும் சிலவற்றைக் கண்ணால் அளந்துவிடுங்கள். கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையே மூன்று வயதுக் குழந்தை நுழையுமா? நுழையும் என்றால் வலை கட்டச் சொல்லுங்கள், அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் கரையோரம் நிற்க மட்டுமே ஒருவரை வையுங்கள். சக்கர நாற்காலி கார் நிற்கும் இடத்திலிருந்து மேடைவரை படியில்லாமல் வருமா? கழிப்பறை எத்தனை அடி தூரம், வழியில் விளக்கு உண்டா?

மின்சாரத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேடை விளக்கும் ஒலியும் ஓர் இணைப்பில், சமையல், காபி இயந்திரம், விசிறி வேறோர் இணைப்பில். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் கசிவு மின்சாரம் எளிதாக ஏற்படும்; பாதுகாப்புப் பொறி உடனே விழும். எல்லாம் ஒரே இணைப்பில் இருந்தால் நனைந்த ஒரு வயர் போதும், நீங்கள் நடந்துவரும்போது மொத்தத் தளமும் இருண்டுபோகும்.

சாப்பாட்டு விலையைப் பார்க்கும்போது எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பிளஸ் குறிகளைக் கவனியுங்கள். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றது உணவுக்கு 6 விழுக்காடு சேவை வரி. ஆளுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) என்று எழுதியிருந்தால் நீங்கள் கட்டுவது 140க்குச் சற்றுக் குறைவு. 300 பேருக்கு 36,000 என்று நினைத்து வைத்திருந்தால் கிட்டத்தட்ட ஆறாயிரம் கூட எடுத்துவைக்க வேண்டும். ஹலால் சான்றிதழ் பெற்ற சமையலறை என்றால் வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் செய்த பலகாரம், தெரிந்தவர் செய்யும் கேக் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேளுங்கள். மாட்டிறைச்சி எந்த உருவிலும், சூப்பிலும்கூட, பட்டியலில் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். சைவ வரிசை தனியாக, கரண்டியும் தனியாக. 300 பேருக்கு இரண்டு பக்கமும் எடுக்கக்கூடிய வரிசை மூன்று வேண்டும். இரண்டு வைத்தால் கடைசி மேசைக்கு ஒன்பதரைக்குத்தான் சோறு.

ஆட்கள் வந்துசேர்வதும் திட்டத்தில் ஒரு பாதி. புக்கிட் மெர்தாஜாம் உறவினர் தனித்தனிக் காரில் வந்தால் பெங்காலான் வெல்டில் நிறுத்த இடம் தேடியே முகம் வாடிவிடும். இரண்டு பேருந்து பிடியுங்கள். கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இடிஎஸ் ரயில் பட்டர்வொர்த் நிலையம்வரை, பக்கத்திலேயே ஃபெரி. 2021 தொடக்கத்திலிருந்து ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, நடந்துவருபவரும் மோட்டார் சைக்கிளும்தான். இறங்குமிடம் உங்கள் விருந்துக்குப் பக்கம். பட்டுச்சேலையோடு கடலைத் தாண்டி வருவது பிள்ளைகளுக்கும் பாட்டிகளுக்கும் பிடிக்கும். கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் அழைப்போடு அனுப்பிவிடுங்கள்.

டிரோன் படம் வேண்டுமென்றால் காம் எனப்படும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதிக் கடிதத்தைப் படம்பிடிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். வெளியே உருமி மேளமோ ஒலிபெருக்கியோ வைக்க மாநகர் மன்ற அனுமதி யார் பொறுப்பு, எத்தனை மணிக்குச் சத்தம் நிறுத்த வேண்டும் என்பதை இடத்துக்காரரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

பதிவுத் திருமணத்தை அன்றைய நாளில் நுழைக்காதீர்கள். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி பதிவில்லாமல் தாலி மட்டும் கட்டினால் சட்டத்தின் முன் திருமணம் ஆகாது. தேசியப் பதிவுத் துறையிலோ, துணைப்பதிவாளர் உள்ள கோயிலிலோ, சில வாரம் முன்பே இரண்டு சாட்சிகளோடு முடித்துவிடுங்கள். கல்யாணத்தன்று அடையாள அட்டையைத் தேடும் வேலை மிச்சம்.

இடத்துக்காரருக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: அடுத்த திரயோதசி மாலை வந்து பார்த்தபிறகு முன்பணம் கட்டுகிறோம், அதுவரை தேதியை வைத்திருக்க முடியுமா என்று. முடியாது என்றால் திரும்பக் கிடைக்கும் சிறு தொகை ஒன்றுக்குப் பேசிப்பாருங்கள், ரசீதில் "திருப்பித் தரப்படும்" என்ற சொல்லோடு. அந்த மாலை போகும்போது அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். தாலி கோயிலில்தான் என்று முடிவாகிவிட்டதை வழியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு மேடை எந்தப் பக்கம் போடலாம் என்று தளத்தில் நின்று அவரையே கேளுங்கள்.